வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

நெய்வேலி இருபத்தோராவது பிளாக்கில் பழனிவேல் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் அவருடையது இல்லை. அவர் மனைவி செங்கமலத்துக்கு ஒதுக்கியது. செங்கமலத்தின் அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசு வேலை அவருக்கு வந்தது. தோட்டக்கலைப் பிரிவில் பர்மனென்ட். பழனிவேலோ சுரங்கத்தில் இருபத்து நான்கு வருஷமாக கான்ட்ராக்ட். ஆக, அந்த வீட்டில் மனைவி பர்மனென்ட், புருஷன் கான்ட்ராக்ட். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் பிளாக்கில் கிடையாது. அவர்களோடு சேர்ந்து பழனிவேலும் சிரிப்பார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. பர்மனென்ட் ஆளுக்குத்தான் பொறுப்பு. கான்ட்ராக்ட் ஆளுக்கு என்ன, சொன்னதைச் செய்துவிட்டு மண்வெட்டியைக் கழுவி வைத்தால் போதும்.

வீடும் அப்படித்தான் நடந்தது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த டாக்டர், முத்தாண்டிக்குப்பத்துச் சொந்தக்காரன் கல்யாணத்துக்கு என்ன மொய், எல்லாம் செங்கமலம் முடிவு செய்வார். முடிவு செய்த பிறகு "சரிதான?" என்று கேட்பார். பழனிவேல் "சரிதான்" என்பார். இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் தலையில்தான் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் படிவம் வந்து விழுந்தது.

மகள் அபிக்குப் பத்தொன்பது வயது. பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு முன் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, அரசாங்கமே செலவை ஏற்று விமானி பயிற்சிக்கு அனுப்புகிற திட்டம் ஒன்று இருக்கிறது, எழுதிப் போடட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். எழுதிப் போடும்மா என்றார் பழனிவேல். பர்மனென்ட் கேட்டு அவர் எழுதிப் போட்ட மனுக்களே ஒரு மூட்டை தேறும். எழுதிப் போடுவது வேறு, கிடைப்பது வேறு என்பது அவர் கண்ட அனுபவம். சென்னையில் எழுத்துத் தேர்வு என்றாள். போய் எழுதிவிட்டு வா என்றார். நேர்முகத் தேர்வு என்றாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். கண், காது, மூச்சு, ரத்தம் என்று தலை முதல் கால் வரை சோதித்தார்கள். அடுத்த படியில் எப்படியும் நிறுத்திவிடுவார்கள் என்று ஒவ்வொரு படியிலும் பழனிவேல் மனசார நம்பினார். யாரும் நிறுத்தவில்லை. ஐதராபாத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். பெற்றோர் சம்மதக் கடிதம். அடுத்த திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும். பழனிவேல் வழக்கம்போல அதை மனைவியிடம் நீட்டினார். செங்கமலம் வாங்கவில்லை.

"இருவது வருசமா இந்த வூட்ல எல்லாத்துக்கும் நாந்தான் முடிவெடுத்துக்கினு இருக்கேன். இது ஒண்ண நீ எடு. 'தந்தை'ன்னு கோடு போட்டு வச்சிருக்கான் பாரு, அதுல நான் கையெழுத்து போட முடியாது."

சொல்லிவிட்டு செங்கமலம் அடுப்படிக்குப் போய்விட்டார். அபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழனிவேல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அவருக்கு என்ன பயம் என்று சொல்லிவிடலாம். அவர் வேலை, சுரங்கத்தில் ஒரு பெல்ட் இன்னொரு பெல்ட்டின் மேல் மண்ணைக் கொட்டுகிற இடத்தில். சிதறுகிற மண்ணை அள்ளிப் போடவேண்டும், பெல்ட் விலகினால் கயிற்றை இழுத்து நிறுத்தவேண்டும். இருபத்து நான்கு வருஷத்தில் நிற்காத மெஷின் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. பெல்ட் நிற்கும், மண் வெட்டுகிற ஆறு மாடி உயரச் சக்கர மெஷின் நிற்கும், அதைப் பழுது பார்க்க வந்த கிரேனும் நிற்கும். கீழே நின்றால் ஆளைக் கூப்பிடலாம், டீ குடிக்கலாம், வந்து பார்க்கிற வரைக்கும் பீடி பிடிக்கலாம். மேலே நின்றால்? அந்தக் கேள்வி வந்த நிமிஷத்திலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே மகள்.

வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தானாகப் படித்து, தானாக எழுதி, தானாக வாங்கிய இடம். அதை அப்பன் ஒரு வார்த்தையில் தட்டிவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதோடு பிளாக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நெய்வேலியில் எந்த வேலையைச் சொன்னாலும் மூன்று கேள்வி வரும்: பர்மனென்ட்டா, என்ன ஷிஃப்டு, குவார்ட்டர்ஸ் உண்டா. மூன்றுக்கும் அவரவரே பதில் சொல்லிக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மேரிசெல்வி, டவுன்ஷிப்பில் ஓர் ஓடுதளம் இருந்துகொண்டுதான் இருக்கிறது, விமானம் வரும் வரும் என்று சொல்கிறார்களே தவிர வந்தபாடில்லை, அபியே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கட்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கடைசியில் பழனிவேலுக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் வேண்டாம் என்று சொன்னால்தானே பழி? வேறு யாராவது பெரிய மனிதர் சொன்னால்? "என்னம்மா செய்யறது, அவரே சொல்லிட்டாரு" என்று கையை விரித்துவிடலாம். வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான். ஊரில் அதற்கா பஞ்சம்?

முதலில் அவர் நினைவுக்கு வந்தவர் ஷிஃப்டு சூப்பர்வைசர் சிவப்பிரகாசம். இல்லை, முடியாது, வேண்டாம் என்ற மூன்று வார்த்தைகளால் ஆன மனிதர். லீவு என்று ஒருவன் வாயைத் திறப்பதற்குள் தலை வலமும் இடமும் ஆடத் தொடங்கிவிடும். சொந்த மகன் கல்யாணத்துக்கே தனக்கு அரை நாள்தான் லீவு கொடுத்துக்கொண்டார் என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை காலை பழனிவேல் போய்ப் பணிவாக நின்றார்.

"சார், பொண்ண பிளேன் ஓட்ட கூப்புடுறாங்க. நீங்க பெரியவங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வுட்டுடுறேன்."

சிவப்பிரகாசம் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் சின்ன வயசில் பட்டம் விட்ட கதையில் தொடங்கி, விமானப்படைக்கு எழுதிப் போட்டு உயரம் ஓர் அங்குலம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிய கதை வரை சொன்னார். அவருக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது அந்த ஷிஃப்டில் யாருக்கும் தெரியாது. பழனிவேல் தலை ஆடும் ஆடும் என்று காத்திருந்தார். ஆடவே இல்லை.

"கொண்டுபோய் வுட்டுட்டு வரதுக்கு எத்தினி நாளு லீவு வேணும், பழனி?" என்றார் சிவப்பிரகாசம்.

இருபத்து நான்கு வருஷத்தில் கேட்காமல் கிடைத்த முதல் லீவு. வேறு எந்த நாளாக இருந்தாலும் பழனிவேல் தேங்காய் உடைத்திருப்பார். அன்றைக்குத் தலையில் பாறாங்கல் விழுந்த மாதிரி வெளியே வந்தார்.

புதன்கிழமை லூர்துசாமி. மேரிசெல்வியின் புருஷன், பக்கத்து வீடு, சுரங்கத்தில் பழனிவேலுக்கு ரிலீவர். ரிலீவர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அடுத்த ஷிஃப்டு ஆள் வந்து "நான் வந்துட்டேன், நீ போ" என்று சொல்லாமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. அப்படி வருகிற ஆள்தான் ரிலீவர். வரவில்லை என்றால் வரும்வரை நிற்கவேண்டும். 'தானே' புயல் அடித்தபோது ரோடெல்லாம் மரம் விழுந்து பழனிவேல் இருபத்திரண்டு மணி நேரம் தகரக் கொட்டகையில் தனியாக நின்றார். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி வந்து சேர்ந்தவர் லூர்துசாமி. அன்றிலிருந்து கூடப் பிறந்தவனைவிட அவர்மேல்தான் நம்பிக்கை.

லூர்துசாமி ஜாக்கிரதைக்காரர் என்பதும் கூடுதல் வசதி. ஆளில்லாத ரோட்டைக்கூட இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பார். வீட்டுக்குள் நாற்காலி போட்டு பல்பு மாற்றும்போதும் ஹெல்மெட் மாட்டிக்கொள்வார். இந்த ஆள் விமானத்துக்குச் சரி சொல்லமாட்டார் என்று பழனிவேல் அடித்துச் சொல்வார். எதிர்பார்த்தபடியே லூர்துசாமி முகத்தைச் சுருக்கினார்.

"எல்லாம் செரி பழனி. மேல போனப்புறம் ரிலீவர் வரலைன்னா?"

பழனிவேலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. இதைவிட நல்ல காரணம் உண்டா? நியாயமான காரணம், பெண்ணிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் லூர்துசாமி எதையும் விசாரிக்காமல் விடுகிற ஆள் இல்லை. படிவத்தில் இருந்த பயிற்சிக் கழகத்து எண்ணைப் போட்டு, இருவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, பழனிவேல் கையில் போனைக் கொடுத்தார். நல்ல வேளை, அந்தப் பக்கம் பேசிய பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"மேடம், பொண்ணு மேல ஓட்டிக்கினு இருக்கா. எட்டு மணி நேரம் முடிஞ்சிபோச்சி. ரிலீவர் வரல. எறங்கலாமா, எறங்கக் கூடாதா?"

அந்தப் பெண் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு நிதானமாக, "எறங்கினாத்தான் சார் டியூட்டியே முடியும்" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்குவதே வேலையாக இருக்கிற ஒரு வேலையை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. லூர்துசாமி விடாமல், ஓட்டுகிற ஆளுக்கு நடுவில் உடம்பு முடியாமல் போனால் என்று கேட்கச் சொன்னார். எப்போதும் இரண்டு விமானிகள் இருப்பார்கள், ஒருவருக்கு முடியவில்லை என்றால் மற்றவர் ஓட்டுவார் என்று பதில் வந்தது. கடைசி முயற்சியாகப் பழனிவேல், அந்த இரண்டு பேரில் யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று கேட்டார். அதை மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாக அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

லூர்துசாமியின் முகம் தெளிந்திருந்தது. "ரிலீவர பக்கத்துலயே ஒக்கார வச்சிக்கினுதான் கெளம்புறானுவோ. இதவிட சேஃப்டியான வேல நம்ம மைன்ஸ்லயே இல்ல பழனி. கண்ண மூடிக்கினு அனுப்பு."

வியாழக்கிழமை பழனிவேலுக்கு வார ஓய்வு. பஸ் ஏறி சேத்தியாத்தோப்புக்குப் போனார். செங்கமலத்தின் அண்ணன் சக்கரபாணி அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். பழனிவேல் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வடை குறைந்துபோனதில் தொடங்கிய தகராறு. அன்றிலிருந்து பழனிவேல் எதைச் சொன்னாலும் சக்கரபாணி அதற்கு நேர் எதிராகச் சொல்வார். மழை வரும் என்றால் வராது என்பார். மாடு நல்ல மாடு என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொல்வார். அதனால் இந்தத் தடவை பழனிவேல் சாமர்த்தியமாக உத்தியை மாற்றினார். அபியைப் பைலட்டுக்கு அனுப்புவதாக முடிவே செய்துவிட்டேன், யார் தடுத்தாலும் கேட்கமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, அடி விழும் என்று காத்திருந்தார்.

சக்கரபாணி கையிலிருந்த டயரை உருட்டி ஓரமாகச் சாய்த்தார். துணியில் கையைத் துடைத்தார்.

"மாப்ளே, ஒனக்குப் புத்தி இருக்குன்னு இன்னிக்குதான் எனக்குத் தெரிஞ்சிது" என்றார்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய் வெள்ளாற்று மீன் குழம்போடு சாப்பாடு போட்டார். முதல் தடவையாகக் கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார். இருபது வருஷப் பகை இப்படி வேண்டாத நேரத்தில் போய்த் தொலைந்ததே என்று பழனிவேல் திரும்பி வரும் வழியெல்லாம் நொந்துகொண்டார். மனிதர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மிச்சம் இருப்பது சாமிதான்.

திருவதிகையில் ஒரு தெருக்கோடியில் அவர்களுடைய குலதெய்வம், சின்ன அம்மன் கோயில். எந்த நல்ல காரியத்துக்கும் அங்கே பூக் கட்டிப் போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அம்மன் சொன்ன பிறகு செங்கமலமே வாயைத் திறக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அபியைக் கூட்டிக்கொண்டு போனார். செங்கமலத்துக்கு அன்றைக்கு டியூட்டி. பூக்கடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினார். கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று பொட்டலம் மடித்தார். மடிக்கும்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. சூப்பர்வைசர் கைவிட்டார், ரிலீவர் கைவிட்டார், மச்சான் கைவிட்டார். அம்மனும் கைவிட்டால்? இங்கே சான்ஸுக்கு விடக்கூடாது. நந்தியாவட்டையைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் அரளியையே வைத்து மடித்தார். மடித்துவிட்டு, தாயே மன்னிச்சிடு, பெத்த மனசு உனக்குத் தெரியாதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்கு எடுத்துவராத மனிதர் அவர். சாமியிடம் கை வைத்துவிட்டார்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அபியையே எடுக்கச் சொன்னார். அபி கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அரளி.

பழனிவேல் மகளின் முகத்தைப் பார்த்தார். அழுவாள், ஆறுதல் சொல்லவேண்டும் என்று நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். அபி அழவில்லை. தலையில் வைத்திருந்த சுமையை யாரோ இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள். இது என்ன என்று அவர் யோசிப்பதற்குள், "அப்ப இதுல வெள்ள" என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டாவதையும் எடுத்துப் பிரித்துவிட்டாள்.

அதிலும் அரளி.

பூசாரி முதலில் அம்மனைப் பார்த்தார், பிறகு பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல் உண்டியலைப் பார்த்தார்.

பண்ருட்டி போகிற பஸ்ஸுக்காக நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒருவர் பலாப்பழத்தை அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"ரெண்டுலயும் அரளியதான் வச்சியாப்பா?"

"ஆமாம்மா."

அபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியபோதுதான் அது சிரிப்பு இல்லை என்று பழனிவேலுக்குத் தெரிந்தது.

"எடுக்கும்போது நான் என்னா வேண்டிக்கினேன் தெரியுமா? செவப்பு வரணும்னுதான் வேண்டிக்கினேன். நீ எப்புடியும் வேணாம்னுதான் சொல்லுவன்னு நெனச்சேன்ப்பா. அந்த தைரியத்துலதான் எல்லாப் பரீட்சையும் எழுதினேன். நீயானா ஒவ்வொரு வாட்டியும் எழுதும்மா எழுதும்மான்ன."

 கவர்ன்மென்ட் நிறுத்தும் என்று நம்பிப் பழனிவேல் மகளை அனுப்பியிருக்கிறார். அப்பன் நிறுத்துவான் என்று நம்பி மகள் போயிருக்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, நிறுத்த ஆளில்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

மேலே போகப் பயமா என்று கேட்டார். அபி இல்லை என்று தலையாட்டினாள்.

"திரும்பி வர்றதுக்குதான்ப்பா பயம். ஓட்ட வரலன்னு பாதியில அனுப்பிட்டா? அப்புடி நெறைய பேர அனுப்பிடுவாங்களாம். அப்புறம் நம்ம பிளாக்குக்குள்ள எப்புடி நடக்கிறது? 'பைலட்டு வருது பாரு'ன்னு ஆயுசு முழுக்க சொல்லிக்கினு இருப்பாங்க. நீ வேணாம்னு சொல்லிட்டின்னா, எங்கப்பா வுடலன்னு சொல்லிக்கலாம்ல."

இதோ கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக ஊர் ஊராக அலைந்து தேடிய வேண்டாம், பெற்ற பெண்ணே கையில் கொடுக்கிறாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இன்றைக்குச் சோறும் இறங்கும். பழனிவேல் வாயைத் திறந்தார். திறந்தவர், அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே பிறகும் விளங்கவில்லை.

"அதெல்லாம் வுடு. ஓட்டணும்னு ஆச இருக்கா, இல்லியா?"

 அபி, பலாச்சுளைக் கடைக்காரர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குப்பா" என்றாள். "ரொம்ப இருக்கு."

பழனிவேல் மகளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வயசில் பொம்மைக் கடை முன்னால் நின்றுகொண்டு, வேண்டும் என்று கேட்காமல் அவர் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்த பெண். இப்போதும் கேட்கவில்லை. தோற்றுவிட்டு வந்தால் யார் சிரிப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, ஆசையை அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவருக்கு விமானம் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, இயற்பியல் தெரியாது. ஆனால் ஒரு வேலை நன்றாகத் தெரியும். பெல்ட் நின்றுபோனால் யார் கவனிக்கவில்லை என்று ஒரு கேள்வி எழும். எல்லாரும் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். பழனிவேல் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அது போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். திட்டு வாங்கிக்கொண்டு அவர் மண்ணை அள்ளப் போவார். பழி சுமப்பதில் இருபத்து நான்கு வருஷ சர்வீஸ் அவருக்கு உண்டு. ஊராருக்காகச் சுமந்ததைப் பெண்ணுக்காகச் சுமக்கக்கூடாதா?

"செரி, இப்புடி வச்சிக்குவோம்" என்றார். "நான் வேணாம்னு சொல்லமாட்டேன். எனக்கு இஷ்டமே இல்ல, எங்கப்பன்தான் புடிச்சித் தள்ளிட்டான்னு நீ சொல்லு. நல்லா வந்துட்டின்னா அது ஒன் சாமர்த்தியம். வரலன்னா அது எம் மேல."

"பொய்யாப்பா?"

"பொய்ய நான் சொல்லிக்கிறேன். நீ வாய மூடிக்கினு படி."

அன்று சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஒரு வாரம் சுரங்கத்துக்குப் போய் வந்ததில் நிலக்கரித் தூசி ஏறி மடிப்பெல்லாம் கறுத்திருந்தது. தந்தை என்ற கோட்டின் மேல், கோணல் இல்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருவதிகையில் நடந்ததை அபி ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். செங்கமலம் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இத்தினி நாளா இத எங்க வச்சிருந்த?" என்றார். கையெழுத்தைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று பழனிவேல் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளே பொய்யைத் தொடங்கிவிட்டார். சிவப்பிரகாசத்திடம் போய், பெண் போகமாட்டேன் என்று அழுகிறாள், நான்தான் விடவில்லை, போய்த்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன் என்றார். அவ்வளவுதான், சிவப்பிரகாசத்தின் தலை பழையபடி ஆடத் தொடங்கியது. இஷ்டமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்துவாயா, இந்தக் கொடுமைக்கு நான் லீவு தரமுடியாது, கொடுத்ததையும் ரத்து செய்கிறேன் என்றார். லூர்துசாமி, இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டினால் மட்டும் போதுமா, அந்தப் பெண்ணுக்கு மனசு வேண்டாமா என்று கேட்டார். மேரிசெல்வி கேட்கவே இல்லை. பழனிவேலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். சக்கரபாணி போன் செய்து, புத்தி இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். போன வாரம் ஒன்றுகூடக் கிடைக்காமல் நாயாய் அலைந்தவருக்கு இப்போது எட்டுத் திசையிலிருந்தும் கொட்டியது. அறுவடை முடிந்த பிறகு பெய்கிற மழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர் எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னார். "நான் சொன்னா சொன்னதுதான்." வாழ்நாளில் சொல்லிப் பழகாத வாக்கியம். முதல் நாள் நாக்குக் குளறியது. மூன்றாம் நாள் சரளமாக வந்தது. அப்பாவை ஊரே திட்டுவதைக் கேட்கமுடியாமல் அபி இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிடக் கிளம்பினாள். அவர் விடவில்லை. பயம் மட்டும் அவரை விட்டு எங்கும் போகவில்லை. கொட்டகையில் நிற்கும்போது தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அது தாண்டிப் போகிறவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

புறப்படுகிற நாள் காலை பத்து மணிக்கு ஆர்ச் கேட்டில் சென்னை பஸ். சென்னையிலிருந்து ரயில். கூடப் போவது செங்கமலம். பழனிவேலுக்குத்தான் லீவு இல்லையே, அன்றைக்கு வார ஓய்வு மட்டும்தான். வழியனுப்ப மூன்று ஆட்டோவில் பிளாக்கே வந்திருந்தது. அபியை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். பலிக்குப் போகிற ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, அதே கண்ணால் திரும்பிப் பழனிவேலை முறைத்தார்கள். மேரிசெல்வி அவள் நெற்றியில் சிலுவை போட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

"அங்க புடிக்கலன்னா ஒரு போன் பண்ணு கண்ணு. நாங்க வந்து கூட்டிக்கினு வந்துடுறோம். ஒங்கப்பன் என்னா பண்ணிடுவான்னு பாத்துடலாம்."

லூர்துசாமியும் அதையே சொன்னார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த சக்கரபாணி, அப்பன் வீட்டில் சேர்க்காவிட்டால் மாமன் வீடு இருக்கிறது என்றார். ஷிஃப்டை விட்டுவிட்டு, தனக்குத் தானே அரை மணி நேரம் பர்மிஷன் கொடுத்துக்கொண்டு வந்திருந்த சிவப்பிரகாசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முடியலன்னா வந்துடும்மா. எப்ப வேணாலும் வா. ஒரு பய ஒன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டான். சொன்னா எங்கிட்ட சொல்லு."

அபி அவர்கள் தலைகளுக்கு மேலாக அப்பாவைத் தேடினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பழனிவேல் அது எதுவும் காதில் விழாதவர் மாதிரி, பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு இறங்கி வந்து, கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றார்.